வீட்டுக்குள் பச்சை: பெயிண்ட் வாங்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்குள் அடிக்கும் நிறங்களில் அதிகம் ஏமாற்றுவது பச்சைதான். கடையில் வாழைக்குருத்தாகத் தெரிந்தது கூடத்தில் கிளிப்பச்சையாகிவிடும். இரவில் விளக்கைப் போட்டால் சாம்பல் பூத்துவிடும். இதில் பெயிண்டின் குற்றம் பெரும்பாலும் இருக்காது. வெளிச்சத்தைப் பார்க்காமல் ஷேடு கார்டை மட்டும் பார்த்து முடிவெடுப்பதால் வரும் வினை. கீழே உள்ள பதில்கள் தமிழ்நாட்டு வீடுகளையும் இங்குள்ள வெயில், மழை, தரை ஆகியவற்றையும் மனதில் வைத்து எழுதியவை.

ஷேடு கார்டில் பிடித்த பச்சை, சுவரில் ஏன் இவ்வளவு தூக்கலாகத் தெரிகிறது?

கார்டில் இருப்பது இரண்டு விரல் அகலத் துண்டு. சுற்றிலும் வெள்ளைத் தாள். அறையிலோ நான்கு பச்சைச் சுவர்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஒரு சுவரில் பட்ட ஒளி பச்சையை எடுத்துக்கொண்டு அடுத்த சுவரில் விழும், அங்கிருந்து மறுபடியும் திரும்பும். ஒவ்வொரு முறையும் நிறம் கூடும். அதனால் கார்டில் "இதுதான்" என்று தோன்றும் பச்சை, நான்கு சுவருக்கும் அடித்தால் அநேகமாக ஒரு படி அதிகமாகவே இருக்கும். கார்டில் கொஞ்சம் மங்கலாக, கொஞ்சம் சாம்பல் கலந்ததாக, "இது பச்சை என்றே தெரியாதே" என்று தயங்க வைக்கும் ஷேடுதான் பெரும்பாலும் சுவரில் சரியாக வரும்.

கார்டின் பின்புறமோ நிறுவனத்தின் தளத்திலோ எல்ஆர்வி என்று ஒரு எண் இருக்கும். சுவர் எவ்வளவு ஒளியைத் திருப்பித் தரும் என்பதன் அளவு அது. 0 என்றால் முழுக் கறுப்பு, 100 என்றால் முழு வெள்ளை. ஒரே ஜன்னல் உள்ள அடுக்குமாடி அறைக்கு 60-க்கு மேல் எடுங்கள். 30-க்குக் கீழே போனால் பகலிலும் விளக்கு எரிய வேண்டியிருக்கும்.

எந்தத் திசை அறைக்கு எந்தப் பச்சை பொருந்தும்?

ஐரோப்பிய அலங்காரப் புத்தகங்களில் "வடக்கு அறை குளிர்ச்சி, தெற்கு அறை வெப்பம்" என்று இருக்கும். அது அவர்கள் ஊர்க் கணக்கு. சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை நண்பகலிலும் சூரியன் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். நாகர்கோவிலில் அந்தக் காலம் இன்னும் நீளம். ஆகவே நம் வடக்கு ஜன்னலில் கோடையில் வெயில் எட்டிப் பார்க்கும், மார்கழியில் பார்க்காது. தெற்கு ஜன்னல் அப்படியே தலைகீழ். ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு கட்ட வேண்டாம்.

கிழக்கு அறைக்குக் காலை வெயில் பத்து, பதினொரு மணி வரை உண்டு. பிறகு வானத்து நீல வெளிச்சம்தான். நீலம் கலந்த பச்சை அடித்தால் மாலையில் சோர்ந்துபோகும். பாசிப்பயறு, பிஸ்தா போல மஞ்சள் தலைதூக்கும் பச்சை அங்கே நாள் முழுக்கத் தாங்கும்.

மேற்கு அறைதான் சிக்கலானது. மூன்று மணிக்கு மேல் நுழையும் வெயில் மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கும். அங்கே எலுமிச்சைப் பச்சை அடித்தால் மாலை நேரத்தில் சுவர் எரிவது போலிருக்கும். சாம்பல் கலந்த சேஜ், நீலம் கலந்த யூகலிப்டஸ் இலைப் பச்சை ஆகியவை அந்த மஞ்சளை உறிஞ்சி அமைதியாக நிற்கும்.

ஜன்னலுக்கு வெளியே வேம்போ புங்கையோ நெருக்கமாக நின்றால் திசைக் கணக்கெல்லாம் தள்ளுபடி. இலையில் பட்டுத் திரும்பும் ஒளியே பச்சை. வெள்ளைச் சுவர்கூட அங்கே லேசாகப் பச்சை காட்டும். அந்த அறைக்கு ஷேடை ஒரு படி குறைத்து எடுங்கள், இல்லாவிட்டால் குளத்துக்குள் உட்கார்ந்திருப்பது போலிருக்கும்.

வாஸ்துப்படி எந்தச் சுவருக்குப் பச்சை?

அதற்கு நீங்கள் நம்பும் ஆளைக் கேளுங்கள். இங்கே சொல்வது வெளிச்சத்தின் கணக்கு மட்டும்.

இரவில் நிறம் மாறாமல் இருக்க என்ன விளக்குப் போடுவது?

மாறத்தான் செய்யும், எந்தப் பக்கம் மாற வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். எல்இடி பெட்டியில் கெல்வின் எண்ணைப் பாருங்கள். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. நம் வீடுகளில் பெரும்பாலும் மாட்டியிருப்பது இதுதான், பச்சையைக் கெடுப்பதும் இதுதான். புதினா, கடல்பச்சை வகைகள் அதில் குளிர்ந்து வெளிறிப்போகும். 3000 என்றால் பழைய குண்டு பல்பு போன்ற மஞ்சள் வெளிச்சம். ஆலிவ், மெஹந்தி, பாசிப்பச்சை எல்லாம் அதில் செழிப்பாகத் தெரியும், நீலப் பச்சை மட்டும் அழுக்குச் சாம்பலாகிவிடும். 4000 நடுநிலை. படிப்பு மேசையும் சோபாவும் ஒரே கூடத்தில் இருந்தால் 4000 போதும்.

அடுத்து சிஆர்ஐ, அதாவது விளக்கு வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பதன் அளவு. விலை குறைந்த விளக்குகளில் 70, 80 என்றிருக்கும். 90-க்கு மேல் உள்ளதை வாங்கினால் பச்சையும் ஒழுங்காகத் தெரியும், மேசையில் இருக்கும் சாம்பாரும் சாம்பார் நிறத்தில் தெரியும். பெயிண்டை மாற்றுவதைவிட இரண்டு பல்பை மாற்றுவது மலிவு. ஏற்கெனவே அடித்த பச்சை பிடிக்கவில்லை என்றால் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

பகலில் ஜோடி சேர்ந்த திரைச்சீலையும் சுவரும் இரவில் பிரிந்து தெரிவதும் உண்டு. துணிச்சாயமும் பெயிண்ட் நிறமியும் வேறு பொருட்கள் என்பதால் ஒரு விளக்கில் ஒத்துப்போவது இன்னொன்றில் ஒத்துப்போகாது. துணிக்கடையில் முடிவு செய்யாமல் ஒரு முழம் வாங்கி வந்து வீட்டு விளக்கின் கீழ் வைத்துப் பாருங்கள்.

பச்சை அடித்தால் ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடுமே?

நியாயமான பயம். அறுவை அரங்குகளில் பச்சை வந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1914-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற அறுவை மருத்துவர், வெள்ளைச் சுவரின் கண் கூச்சம் தாங்காமல் தரைக்கும் சுவரின் கீழ்ப்பாதிக்கும் கீரைப் பச்சையைக் கொண்டுவந்தார். ரத்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு அதன் எதிர் நிறமான பச்சை ஓய்வு தரும். பின்னாளில் அது வெளிறிப்போய் வார்டு, பள்ளிக்கூடம், அரசு அலுவலகம் என்று எல்லா இடத்துக்கும் பரவியது.

அந்தத் தோற்றம் பச்சையால் மட்டும் வருவதில்லை. நான்கு விஷயங்கள் சேர வேண்டும்: நீலச் சாய்வுள்ள வெளிர் பச்சை, பளபளக்கும் ஆயில் பெயிண்ட், இடுப்பு உயரத்துக்கு ஒரு நிறமும் மேலே வெள்ளையுமாகப் பிரித்த சுவர், வெள்ளை டியூப் லைட். இவற்றில் இரண்டை உடைத்தாலே போதும். பளபளப்பில்லாத மேட் பினிஷ் எமல்ஷன் எடுத்து, மஞ்சளோ சாம்பலோ கலந்த ஷேடுக்குப் போய்விட்டால் அந்த வாடை அடிக்காது. ஒரு தேக்கு அலமாரியோ பித்தளைக் குத்துவிளக்கோ பக்கத்தில் இருந்தால் கேள்வியே எழாது.

மாதிரி அடித்துப் பார்ப்பது எப்படி?

சுவரில் நேரடியாக ஒரு தீற்றல் தீற்றிப் பார்ப்பதுதான் பலரும் செய்வது. அது பயன்படாது. பழைய நிறம் அடியில் தெரியும், பக்கத்து நிறம் கண்ணைக் குழப்பும். இப்படிச் செய்யுங்கள்.

இரண்டடிக்கு இரண்டடி அளவில் ஃபோம் போர்டு அல்லது மெல்லிய பிளைவுட் துண்டு எடுத்து, வெள்ளை பிரைமர் ஒரு கோட் அடித்துக் காயவிடுங்கள். மாதிரிக்கென விற்கும் சின்ன டப்பாவை வாங்கி, ரோலரால் இரண்டு கோட். நடுவில் நான்கு மணி நேர இடைவெளி. ஓரத்தில் ஒரு அங்குலம் வெள்ளையாகவே விட்டுவிடுங்கள், அப்போதுதான் பழைய சுவரின் நிறம் குறுக்கே வராது. ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்ப வேண்டாம். முழுக்கக் காய மறுநாள் ஆகும்.

அந்தப் பலகையை ஜன்னலுக்கு எதிர்ச் சுவர், ஜன்னல் இருக்கும் சுவர், மூலை என்று மூன்று இடத்தில் சாய்த்து வைத்து, காலை, நண்பகல், நான்கு மணி, இரவு என நான்கு வேளையும் பாருங்கள். ஜன்னல் இருக்கும் சுவர்தான் அறையிலேயே இருட்டானது. அங்கும் பச்சையாகத் தெரிந்தால் தேறிவிட்டது. கடைசியாகப் பலகையைத் தரையில் போட்டு டைல்ஸோடு சேர்த்துப் பாருங்கள். தரையை யாரும் மாற்றப் போவதில்லை, பச்சைதான் அதற்கு அனுசரிக்க வேண்டும்.

தரை சிவப்பு ஆக்சைடு. பச்சை எடுபடுமா?

நன்றாக எடுபடும், அடக்கமான பச்சையாக இருந்தால். சிவப்பும் பச்சையும் எதிர் நிறங்கள். ஒன்று மற்றதை உசுப்பிவிடும். சிவப்பு ஆக்சைடே அழுத்தமான நிறம் என்பதால் சுவர் கிளிப்பச்சையானால் இரண்டும் சண்டை போடும். வாடிய வாழையிலை, சேஜ், வெளிர் ஆலிவ் இவற்றோடு அந்தத் தரை அழகாக இருக்கும்.

ஆத்தங்குடிக் கல் பதித்த வீட்டில் வேலை இன்னும் எளிது. கல்லிலேயே பச்சை இருந்தால் அதை எடுத்து மூன்று நான்கு படி வெளுத்துச் சுவருக்குக் கொண்டுவாருங்கள், அதே அழுத்தத்தில் வேண்டாம். கோட்டா கல்லின் சாம்பல் பச்சைக்கும் இதே வழி.

தந்த நிற விட்ரிஃபைட் டைல்ஸ்தான் கவனம் தேவைப்படும் தரை. பார்க்க வெள்ளை, ஆனால் பலவற்றில் ரோஸ் நிறச் சாயல் ஒளிந்திருக்கும். பச்சைச் சுவர் பக்கத்தில் வந்ததும் அது வெளியே வரும். ஒரு வெள்ளை ஏ4 தாளை டைல்ஸ் மேல் போட்டுப் பாருங்கள். சாயல் உடனே தெரிந்துவிடும். ரோஸ் இருந்தால் சாம்பல் கலந்த பச்சை; மஞ்சள் இருந்தால் ஆலிவ் பக்கம்.

ஒரு சுவருக்கு மட்டும் அடர் பச்சை அடிக்கலாமா? எந்தச் சுவர்?

கதவைத் திறந்ததும் கண்ணில் படும் சுவர், அதிலும் கதவோ ஜன்னலோ குறுக்கே வராத சுவர். ஜன்னல் இருக்கும் சுவர் வேண்டாம்: பின்னாலிருந்து வெளிச்சம் வருவதால் அடர் பச்சை கறுப்பாகத் தெரியும். டிவிக்குப் பின்னால் பாட்டில் பச்சை நன்றாகவே இருக்கும், திரையின் கறுப்பு அதில் கரைந்துவிடும். கண்ணாடிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நெருக்கமாக வேண்டாம். பச்சையில் பட்ட ஒளி முகத்தில் விழுந்தால் ஆள் நோயாளி போலத் தெரிவார். சோறும் பசி தூண்டாது.

சீலிங்கும் பச்சையா?

வெள்ளை. பத்தடி உயரத்துக்குள் இருக்கும் அறைக்கு வேறு யோசனையே வேண்டாம். நீல வெள்ளையைத் தவிர்த்து, துளி மஞ்சள் கலந்த வெள்ளையைக் கேளுங்கள்.

எவ்வளவு பெயிண்ட் வாங்குவது?

12-க்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 44 அடி. பத்தால் பெருக்கினால் 440 சதுர அடி. ஒரு கதவு 21, இரண்டு ஜன்னல் 32 கழித்தால் 387. பட்டி பார்த்த வழவழப்பான சுவரில் நல்ல எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்குச் சேர்த்து 100 முதல் 140 சதுர அடி வரை வரும். கொஞ்சம் குறைத்தே 110 என்று வைத்தால் மூன்றரை லிட்டர்; 4 லிட்டர் டப்பா ஒன்று. மீதி அரை லிட்டர் வீணல்ல, பிறகு வேண்டியிருக்கும்.

அடர் பச்சைக்கு இந்தக் கணக்கு செல்லாது. மூன்று கோட் என்று வைத்து ஒன்றரை மடங்கு வாங்குங்கள்.

அடர் பச்சை சுவரில் திட்டுத் திட்டாகவும் ரோலர் கோடுகளாகவும் தெரிகிறதே?

அதிகம் வரும் புகார் இதுதான். இதற்குக் காரணம் ஒன்றல்ல.

முதலாவது, பேஸ், அதாவது நிறம் கலக்கும் முன் டப்பாவில் இருக்கும் அடிப்படைப் பெயிண்ட். கடையில் டிண்டிங் மெஷினில் நிறம் கலக்கும்போது வெளிர் நிறத்துக்கு வெள்ளை பேஸ் எடுப்பார்கள்; அதில் டைட்டானியம் டை ஆக்சைடு நிறைய இருக்கும், அடியில் உள்ளதை அதுதான் மறைக்கும். பாட்டில் பச்சை, மயில் கழுத்து போன்றவற்றுக்கு அது மிகக் குறைவான அடர் பேஸ். மறைக்கும் சக்தி குறைந்த அந்தப் பெயிண்டை வெள்ளை பிரைமர் மேல் அடித்தால் இரண்டு கோட்டிலும் வெள்ளை எட்டிப் பார்க்கும். பிரைமரையே நடுத்தரச் சாம்பலாகவோ வெளிர் பச்சையாகவோ கலந்து வாங்குங்கள். ஒரு கோட் மிச்சமாகும்.

இரண்டாவது, தண்ணீர். டப்பாவில் அச்சிட்ட அளவைத் தாண்டித் தண்ணீர் ஊற்றினால் ரோலர் சுலபமாக ஓடும், பெயிண்டருக்கு வேலை சீக்கிரம் முடியும். சுவரில் நிறம் மெலியும். ஒவ்வொரு வாளிக்கும் கண்ணளவில் ஊற்றினால் வாளிக்கு ஒரு நிறம் வரும். அளவு குவளை ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, ஃபேன். வெக்கையில் வேலை செய்பவர் ஃபேனைப் போடுவது இயல்பு. ஆனால் காற்றில் ரோலரின் ஓரம் ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும்; அதன் மேல் அடுத்த பட்டை ஏறும் இடத்தில் இரட்டைப் படலமாகி நெடுங்கோடு விழும். ஒரு சுவரை ஆரம்பித்தால் ஃபேனை நிறுத்திவிட்டு, மேலிருந்து கீழாக, முந்தைய பட்டை ஈரமாக இருக்கும்போதே அடுத்ததை ஏற்றி, நடுவில் டீக்குப் போகாமல் மூலை வரை முடித்துவிட வேண்டும். டீ ஒரு சுவர் முடிந்ததும்.

நான்காவது, டப்பாவுக்கு டப்பா வித்தியாசம். ஒரே கோடு எண்ணில் கலந்த இரண்டு டப்பாக்கள்கூட மயிரிழை வேறுபடும். எல்லாவற்றையும் ஒரே பெரிய வாளியில் கொட்டிக் கலக்கிவிட்டு ஆரம்பியுங்கள்.

காய்ந்த பிறகு ஒரு கீறலை மட்டும் டச்சப் செய்தால் அடர் பச்சையில் அந்த இடம் கண் போல முழிக்கும். மூலையிலிருந்து மூலை வரை அந்தச் சுவர் முழுவதும் ஒரு கோட் அடிப்பதுதான் வழி. நாற்காலி முதுகும் குழந்தைகளின் கையும் படும் இடத்தில் மேட் பினிஷ் தேய்ந்து பளபளப்புத் தட்டும் என்பதால், நடைபாதைச் சுவருக்கு லேசாக மினுங்கும் சாடின் பினிஷ் எடுங்கள்.

புதுப் பூச்சு முடிந்து எத்தனை நாளில் அடிக்கலாம்?

சிமென்ட் பூச்சு நீராற்றிக் காய குறைந்தது 28 நாள். அவசரப்பட்டால் ஈரத்தோடு வெளியே வரும் காரம் சில நிறமிகளை வெளுக்க வைக்கும், பச்சையில் வெளிறிய மேகம் போல நிற்கும். ஈரத்தைச் சோதிக்க ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்ளே நீர்த்துளி கோத்திருந்தால் சுவர் தயாராக இல்லை.

ஓதம் ஏறும் சுவருக்குப் பச்சையே வேண்டாம் என்பது எங்கள் கருத்து, குறிப்பாக அடர் பச்சை. வெள்ளைச் சுவரில் உப்புப் பூத்தால் கண்ணுக்குத் தெரியாது. பச்சையில் பவுடர் தூவியது போல் தெரியும். மேலே எத்தனை கோட் அடித்தாலும் உப்பு அதைத் தள்ளிக்கொண்டு வரும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்: கழிவறைக் குழாயா, மொட்டை மாடியா, அஸ்திவாரமா. அதை அடைத்து, சுவர் காய்ந்து, உப்பைத் தேய்த்துத் தள்ளிய பிறகுதான் பட்டி.

வடகிழக்குப் பருவமழை நடக்கும் ஐப்பசி, கார்த்திகையில் வேலையை வைக்காதீர்கள். தீபாவளிக்கு முன் முடிக்க எல்லோரும் அப்போதுதான் ஆரம்பிப்பார்கள். காற்றில் ஈரம் இருக்கும்போது கோட் காயாது, அடுத்த கோட் கீழ்க் கோட்டைப் பிசைந்து இழுக்கும்.

பழைய வீடு, சுண்ணாம்புச் சுவர். எமல்ஷன் அடிக்கலாமா?

சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும் சுவர். அதன் மேல் பிளாஸ்டிக் படலம் போன்ற எமல்ஷன் ஏறினால் உள்ளே அடைபட்ட ஈரம் அப்பளம் அப்பளமாக உப்பி உரிக்கும். அங்கே பச்சை வேண்டுமானால் சுண்ணாம்பிலேயே நிறம் கலந்து அடிப்பதுதான் முறை. குரோமியம் ஆக்சைடு பச்சைத் தூள் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். கடையில் கிடைக்கும் எல்லாப் பச்சைத் தூளும் தாங்காது, கேட்டு வாங்குங்கள். சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குமேல் தூள் போனால் கை பட்டால் ஒட்டும். தூளைத் தனியே தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, பிறகு சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் சுவரில் கோடு கோடாக இழுக்கும். ஈரத்தில் கரும்பச்சையாகத் தெரிவது காய்ந்ததும் பாதிக்குமேல் வெளுக்கும், பயப்பட வேண்டாம். மெல்லியதாக மூன்று கோட், ஒவ்வொரு கோட்டுக்கும் முன் சுவரில் தண்ணீர் தெளித்துக்கொண்டு.

சிமென்ட் சுவரில் பழைய டிஸ்டெம்பர் இருந்தால் ஈரத்துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் மாவாக ஒட்டினால் முழுக்கச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்த பிறகே எமல்ஷன்.

வெயில் படும் சுவரில் பச்சை நீலமாகிவிட்டது. ஏன்?

பளிச்சென்ற இளம்பச்சைகள் பெரும்பாலும் மஞ்சள் நிறமியும் தாலோ என்ற செயற்கைப் பச்சை நிறமியும் கலந்து வருபவை. தாலோ அசையாது, விலை குறைந்த மஞ்சள் நிறமிகள் வெயிலில் முதலில் வெளுக்கும். மஞ்சள் போனால் மிஞ்சுவது நீலப் பச்சை. மேற்கு ஜன்னலோரச் சுவருக்குக் குரோமியம் ஆக்சைடு, மஞ்சள் ஆக்சைடு போன்ற கனிம நிறமிகளில் கலக்கும் மங்கலான பச்சைகளைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

சமையலறையில் மஞ்சள் கறை பட்டால்?

சோப்புத் தண்ணீரால் தேய்த்ததும் கறை ரத்தச் சிவப்பாவதைப் பார்த்துப் பலர் பதறுவார்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். அலசியதும் திரும்ப மஞ்சளாகும். ஆழ இறங்கிய கறையைத் தேய்த்தால் பெயிண்டுதான் போகும். தெறித்த உடனே ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். மிச்சம் இருப்பது வெளிச்சம் படும் சுவரானால் சில நாட்களில் தானே வெளுக்கும், குர்குமின் வெயிலுக்குத் தாங்காது. அடுப்புக்குப் பின்னால் இரண்டடி டைல்ஸ், மற்ற இடத்தில் கழுவக்கூடிய சாடின் எமல்ஷன். புது எமல்ஷன் இறுகுவதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும், அதுவரை கழுவ வேண்டாம்.

கபோர்டு கதவுக்குப் பச்சை மைக்கா போடுவதானால் எட்ஜ் பேண்டும் அதே ஷேடில் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கிடைக்காமல் வெள்ளை ஓரம் ஒட்டினால் ஒவ்வொரு கதவும் கோடு போட்ட நோட்டு மாதிரி இருக்கும்.

பூஜையறைக்கு?

எண்ணெய் விளக்கின் சுடர் எந்த மஞ்சள் பல்பைவிடவும் மஞ்சள். அதில் மாந்தளிர், பாசிப்பச்சை ஒளிரும். நீலப் பச்சை இருண்டுவிடும். விளக்குக்கு மேலே கரி படியும் இடத்தில் ஒரு கல்லோ டைல்ஸோ பதித்துவிடுங்கள்.

பச்சைப் பெயிண்டில் விஷம் உண்டு என்கிறார்களே?

ஒரு காலத்தில் உண்மை. 1775-இல் சுவீடன் நாட்டு வேதியியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே உருவாக்கிய பச்சையும், 1814-இல் வந்த அதன் தங்கை மரகதப் பச்சையும் தாமிரமும் ஆர்சனிக்கும் சேர்ந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சுவர்த்தாளுக்கும் துணிக்கும் பூசி, பலரை நோயில் தள்ளின. இன்று அவை பெயிண்டில் இல்லை.

நாம் பார்க்க வேண்டியது ஈயம். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற 2016 விதிகள் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் அடித்த பச்சை எனாமல், அதாவது பழைய கதவு, ஜன்னல் கம்பி, இரும்பு கேட் ஆகியவற்றில் ஈயக் குரோமேட் இருக்க வாய்ப்புண்டு. நன்றாக ஒட்டியிருந்தால் அதைத் தொடாமல் மேலேயே அடித்துவிடலாம். சுரண்டியாக வேண்டுமென்றால் உலர் உப்புத்தாள் வேண்டாம், தீ வைத்து உருக்கவும் வேண்டாம்; தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாள், கீழே பிளாஸ்டிக் விரிப்பு, முகக்கவசம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

வாடகை வீடு. சுவரில் கை வைக்க முடியாது.

பச்சையைத் துணியில் கொண்டுவாருங்கள். வெள்ளைச் சுவருக்கு முன் தரை வரை தொங்கும் பச்சைப் பருத்தித் திரை, சுவர் அடித்ததில் பாதி பலனைத் தரும். மடிப்பு விழ வேண்டுமானால் ஜன்னல் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு துணி வேண்டும். ஒன்றரை மடங்குக்குக் கீழே போனால் போர்வை காயப்போட்டது போலிருக்கும். கம்பியை ஜன்னலுக்கு ஆறு அங்குலம் மேலே மாட்டுங்கள். சென்னிமலைப் பெட்ஷீட், பவானி ஜமுக்காளம், பத்தமடைப் பாய் இவற்றில் பச்சை பல விதமாகக் கிடைக்கும். ஆனால் மூன்று பொருளில் மூன்று பச்சை இருக்கட்டும், வெளிர், நடுத்தரம், அடர் என்று. எல்லாம் ஒரே பச்சையானால் யூனிபார்ம் போட்ட அறையாகிவிடும். கைத்தறி அடர் பச்சையை முதல் இரண்டு சலவைக்குத் தனியே அலசுங்கள்.

செடி வைத்தால் காற்று சுத்தமாகுமா?

1989-இல் நாசா செய்த ஆய்வைக் காட்டிச் சொல்வார்கள். அது காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் செய்தது. 2019-இல் வெளிவந்த மறு ஆய்வு, ஜன்னலைத் திறந்தாலே கிடைக்கும் பலனைச் செடியால் பெற ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிகள் வேண்டும் என்று கணக்கிட்டது. அழகுக்காக வையுங்கள், அது போதாதா?

பச்சைச் சுவருக்கு முன் செடி வைத்தால் இலை சுவரில் தொலைந்துவிடும். வெளிர் சுவருக்கு ரப்பர் செடி போன்ற கரும்பச்சை. அடர் சுவருக்கு வெள்ளைக் கோடு ஓடும் மணி பிளான்ட். ஸ்னேக் பிளான்ட்டுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் போதும். வீட்டுக்குள் அது செத்தால் பெரும்பாலும் தண்ணீர் மிகுந்து வேர் அழுகித்தான். மணி பிளான்ட்டும் டிஃபன்பாக்கியாவும் வாயில் போனால் நாக்கும் தொண்டையும் எரிந்து வீங்கும், தவழும் குழந்தை இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

பாட்டில் தண்ணீரில் வளர்ப்பவர்கள் வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றியே ஆக வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது: டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை பாட்டிலின் உட்புறச் சுவரில் ஒட்டியிருக்கும், பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டிலும் தண்ணீர் நிற்க விடாதீர்கள்.

மீந்த பெயிண்டை எப்படி வைப்பது?

தண்ணீர் கலக்காத பெயிண்டை மட்டும்தான் வைக்க முடியும். கலந்தது சில நாளில் நாறிப்போகும். அரை லிட்டரைப் பெரிய டப்பாவிலேயே விட்டால் உள்ளே இருக்கும் காற்றால் தோல் கட்டும், கழுவிக் காயவைத்த சிறு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி விளிம்பு வரை நிரப்புங்கள். வெயில் படாத இடத்தில், படிக்கட்டுக்கு அடியில் போல, ஓரிரண்டு வருடம் தாங்கும். ஷேடு பெயர், கோடு எண், எந்த பேஸ், பேட்ச் எண், தேதி, எந்த அறை என்று எழுதி டப்பாவில் ஒட்டுங்கள். அந்த ஸ்டிக்கரை போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள், டப்பாவை யாராவது தூக்கிப் போட்டுவிட்டாலும் கடைக்காரரிடம் காட்டலாம்.